ஒன்பது நாள் சுக்கான்

எங்கள் மதினிக்குக் கோபம் காலையில் அவரோடு சேர்ந்தே எழும்பும். பல் விளக்கும்போதே யாரையாவது ஏசத் தொடங்கிவிடுவார். ஆள் கிடைக்காவிட்டால் அடுப்பை ஏசுவார். மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் கலியாணம் முடித்து இரண்டு வருஷம் வரைக்கும் அவரைப் பார்த்ததில்லை. "அக்கா கப்பல்ல போயிருச்சு" என்று என் வீட்டுக்காரர் எப்போதாவது சொல்வார். செத்துப்போனதைத்தான் அப்படி மறைத்துச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

1994இல், என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, மதினி வந்து சேர்ந்தார். காலியிலிருந்து மூன்று பஸ் மாறி, கஹவத்தையில் இறங்கி, எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறுகிற பஸ் போய்விட்டதால் நாலு மைல் நடந்தே வந்திருந்தார். தோளில் தடித்த வெள்ளைத் துணியில் தைத்த ஒரு பை. கையில் கயிறு அறுத்த பழைய தழும்புகள். வாசலில் நின்று எங்கள் லயத்துக் காம்பராவை, வரிசை வீட்டில் எங்களுக்கு இருந்த ஒரே அறையை, பார்த்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடி.

"நாலு பேரு இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். வாங்க என்று நாங்கள் சொல்வதற்கு அவர் இடம் வைக்கவில்லை.

மறுநாளே வீட்டுச் சாமான் எல்லாம் தரையை விட்டு மேலே ஏறியது. ஆணி அடித்து, கயிறு கட்டி, சட்டி, தூள் டின், என் சீலை, குழந்தையின் துணி எல்லாவற்றையும் தொங்கவிட்டார். ஒரு கரண்டி கீழே கிடந்தால் போதும், "ஒரு ஆட்டம் ஆடுனா இது யாரு மண்டையில விழும்?" என்பார். மலையில் நிற்கிற லயம் எங்கே ஆடப்போகிறது என்று நான் முணுமுணுப்பேன். தண்ணீருக்கும் கணக்கு. தட்டுக் கழுவ அரைக் கோப்பை. எங்கள் பீலியிலோ இராப்பகலாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்.

"பீலியில சும்மாதானே மதினி கொட்டுது?"

"சும்மா கொட்டுறதுனால நீயும் சும்மா ஊத்துவியா? ஒரு மாசம் கரை தெரியாம இருந்து பாரு புள்ள, அப்பறம் பேசு."

"நான் எதுக்கு அங்க போறேன்? என் வீட்டுல எனக்குத் தண்ணி அளந்து ஊத்த நீங்க யாரு?"

அன்றைக்கு அவர் சமைத்ததை நான் சாப்பிடவில்லை, நான் சமைத்ததை அவர் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் பயந்துபோய் இரண்டு பேர் சமைத்ததையும் சாப்பிட்டார்.

அந்த நாட்களில் எனக்கு மதினி மேல் இருந்தது வெறும் எரிச்சல்தான். எங்கேயோ உலகம் சுற்றிவிட்டு வந்து, இங்கேயே கிடந்து தேய்ந்தவர்களுக்குப் புத்தி சொல்கிற ஆள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அந்த எண்ணம் ஒரு பஸ் பயணத்தில் மாறியது.

குழந்தைக்கு ஊசி போட பலாங்கொடைக்குப் போய்க்கொண்டிருந்தோம். வழியில் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை கேட்டார்கள். யுத்தக் காலத்தில் அது எங்களுக்குப் பழகிப்போனது. என்னிடம் இருந்தது, காட்டினேன். மதினியிடம் இல்லை. தோட்டத்து ஆட்களுக்கு இங்கே பிறந்ததால் மட்டும் பிரஜாவுரிமை கிடையாது, மனுப் போட்டு வாங்க வேண்டும். என் மாமனார் ஒரு காலத்தில் இந்தியாவுக்குப் போக மனுப் போட்டு, ஆட்களை ஏற்றிப்போன கப்பல் நின்றுபோக, போகாமலே செத்துப்போனவர். என் வீட்டுக்காரர் மட்டும் பிறகு அலைந்து திரிந்து தனக்குப் பதிவு எடுத்துக்கொண்டார். மதினி அப்போது ஊரில் இல்லை. ஆகவே அவர் இந்த நாட்டுக்காரியும் இல்லை, அந்த நாட்டுக்காரியும் இல்லை.

"பஹின்ட" என்றான் சீருடைக்காரன். இறங்கு.

மதினி இறங்கவில்லை. நல்ல சிங்களத்தில், "எதுக்கு இறங்கணும்?" என்று கேட்டார். கேட்டதற்காகவே சாயந்தரம் வரைக்கும் ஒரு மரத்தடியில் உட்கார வைத்தார்கள். குழந்தையோடு நானும் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் செய்தி தெரிந்து, தோட்டத்துக் கந்தோரில், அதாவது ஆபீசில், ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் விட்டார்கள்.

அந்த மரத்தடியில்தான் மதினி கப்பல் கதையைச் சொன்னார். கதை மாதிரிச் சொல்லவில்லை. யார் மேலோ வழக்குப் போடுகிறவர் மாதிரிச் சொன்னார்.

பன்னிரண்டு வயதில் அவரைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்காரர்கள் நாட்டை விட்டே போய்விட, காலியில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்குச் சமைக்கப் போனார். அவர்கள் ஒரு பாய்மரப் படகு வாங்கினார்கள். வீட்டைக் காலி செய்து படகிலேயே குடியிருந்து ஊர் ஊராகக் கடலில் போவதுதான் அவர்கள் எண்ணம். "நீயும் வா" என்றார்கள். ஆட்கள் பட்டியலில் சமையல்காரி என்று இவர் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். துறைமுகத்தில் யாரோ பாஸ்போட்டுக்குப் பதில் ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தார்கள். ஆறு வருஷம் மதினி அந்தப் படகில் இருந்தார்.

"எத்தன ஊரு பாத்திருப்பீங்க மதினி" என்றேன்.

"வெளக்குத்தான் பாத்தேன். ஒவ்வொரு ஊருலயும் நங்கூரம் போட்ட ஒடனே ஆபீஸருங்க வருவாங்க. பாஸ்போட் எங்கம்பாங்க. அவங்க ரெண்டு பேரும் காட்டிட்டு எறங்கிப் போவாங்க. எனக்கு ஏது? நீ எறங்கக்கூடாதுன்னு எழுதி வச்சிட்டுப் போயிருவாங்க. மாசக்கணக்குல கரைக்கு நூறு கெஜத்துல உக்காந்திருப்பேன். கரையில மீன் பொரிக்கிற வாசம் வரும். கோயில் மணி மாதிரி எதுவோ அடிக்கும். போய்ப் பாக்க முடியாது. ஆறு வருஷமா எறங்காதங்கிறான். இங்க வந்தா எறங்குங்கிறான். நான் எங்க இருக்கணும்னு இவனுங்கள்ல எவனாவது ஒருத்தன் முடிவு பண்ணிச் சொல்லட்டும் புள்ள."

அதற்கு மேல் நான் அவரைத் தண்ணீருக்காக ஏசவில்லை. அவர் என்னை ஏசுவது நிற்கவில்லை.

சமையல்காரி என்று பெயருக்குத்தான் போனார். ஆறு மாதத்தில் பாய் ஏற்றவும் இறக்கவும், கிழிந்த பாயைத் தைக்கவும், சுக்கான் பிடிக்கவும் பழகிவிட்டார். செங்கடலில் அந்த வெள்ளைக்காரனுக்குக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் எழும்பவில்லை. எதிர்காற்று. அவன் மனைவி, அந்த அம்மாள், வாந்தி எடுத்துக்கொண்டு கீழே படுத்துவிட்டாள். இவர்தான் ஒன்பது நாளும் சுக்கானில் நின்றார். கயிற்றால் இடுப்பைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடி கொஞ்சம் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு. இதைச் சொல்லும்போது மட்டும் மதினியின் குரல் தணியும்.

ஆறாவது வருஷம் அவர்களுக்கு அலுத்துப்போனது. வயதாகிறது, முதுகு வலிக்கிறது, பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "விட்டுடணும், எல்லாத்தையும் விடப் பழகணும்" என்று அந்த அம்மாள் ஒரு மாதம் அழுதாளாம். மதினிதான் தேற்றினாராம். காலிக்கு வந்து படகை இன்னொரு வெள்ளைக்காரனுக்கு விற்றார்கள். மதினிக்குச் சொன்னது துறைமுகத்துக்குள் நுழைவதற்கு மூன்று நாள் முந்தி. புது ஆள் வருவதற்குள் படுக்கை விரிப்பெல்லாம் துவைத்து வை என்றார்கள். துவைத்து வைத்தார். சமைக்க, பாய் தைக்க ஆள் வேண்டுமா என்று அந்தப் புது ஆளிடம் கேட்டார். நான் தனியாகப் போகிறவன் என்றான்.

"எப்பவாவது கூப்புடுவோம்னாங்க" என்று மட்டும் சொன்னார். அந்த வெள்ளைப் பையை அவர் ஒருநாளும் முழுதாகப் பிரித்ததில்லை. இரண்டு சட்டை, ஒரு தொப்பி, பாய் தைக்கிற ஊசி எல்லாம் அதற்குள்ளேயே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

மதினி கொழுந்து பறிக்கப் பேர் பதிந்துகொண்டார். விரல் பழகியதும் மலையில் முதல் ஆளாக நிற்பார். ஆனால் வாய் பழகவில்லை. ஒரு நாள் இடி மின்னலோடு மழை. பெண்கள் கூடையை இறக்கிவிட்டு ஓடி வந்து பாதையோரம் ஒதுங்கி நின்றோம். தோட்டத்து மேனேஜர் துரை ஜீப்பில் வந்தார். எங்களைப் பார்த்ததும் கங்காணியைக் கூப்பிட்டு, "இந்த மாடுகளை மலைக்கு விரட்டு" என்றார்.

மதினி ஜீப் பக்கத்தில் போய் நின்று இங்கிலீஷில் பேசினார். மழைச் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. துரை முகம் மாறியது மட்டும் தெரிந்தது. பிறகு கேட்டதற்கு மதினி சொன்னார்: "இடி இடிக்கையில பாய்மரத்துக்குக் கீழ நின்னிருக்கியா, நான் நின்னிருக்கேன், நீ எறங்கி இந்த மரத்துக்குக் கீழ நில்லு, நாங்க மலைக்குப் போறோம்னேன்."

துரை இறங்கவில்லை, ஏசவும் இல்லை. இந்த இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது என்று விசாரித்திருக்கிறார். அடுத்த வாரம் அவருடைய விருந்தாளிகள் இரண்டு கார்களில் வந்தார்கள். மலையிலிருந்து மதினியைக் கூப்பிட்டு அனுப்பினார். கடலைச் சுற்றி வந்த கூலிக்காரி என்று காட்டுவதற்கு. விருந்தாளிகளில் ஒரு பெண் காமிராவைத் தூக்கினாள். மதினி அவளிடம், "படம் எடுக்கிறதுன்னா எங்க லயத்துக் கூரையப் போய் எடுங்க. எத்தன வருஷமா ஒழுகுதுன்னு இவருகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு மலைக்குத் திரும்பிவிட்டார்.

ஒரு வாரம் வேலைக்குப் பேர் போடவில்லை, கூலியும் இல்லை. மதினிக்கு மட்டுமில்லை, எனக்கும் என் வீட்டுக்காரருக்கும். நான் அவர் முன்னால் பானையைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"உங்க வாய்க்கு எம்புள்ள பட்டினி கெடக்கணுமா?"

 அந்த ஒரு வாரமும் மதினி பக்கத்து நாட்டில், அதாவது சிங்களக் கிராமத்தில், ஒரு குடும்பத்தின் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டி, அரிசியோடு வந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. கூரைக்குத் துரை அனுப்பிய மூன்று தகரம் மட்டும் புதிதாக வந்தது. அதுவும் எங்கள் காம்பராவுக்கு இல்லை, லயத்துத் தொங்கலில், கடைசிக் காம்பராவில் இருந்தவர்களுக்கு.

நாலைந்து வருஷம் கழித்து, தோட்டத்துக் கந்தோர் வழியாக மதினிக்கு ஒரு தபால் வந்தது. உள்ளே பளபளப்பான ஒரு இங்கிலீஷ் சஞ்சிகை. அந்த அம்மாள் எழுதிய கட்டுரை அதில் வந்திருந்தது. படகு வாழ்க்கையையும், அதை விட்டு வந்ததையும் பற்றி. மதினிக்கு இங்கிலீஷ் பேச வரும், வாசிக்கத் தெரியாது. எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், அர்த்தம் தெரியாது. நான் ஓசையை வாசித்தேன், அர்த்தம் அவருக்குப் போனது. அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

முதல் பக்கத்தில் சிரித்தார். ஒரு மீனைப் பற்றி எழுதியிருந்ததாம். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. "அந்த வரிய திரும்ப வாசி" என்றார். வாசித்தேன். "இன்னொருக்கா." வாசித்தேன்.

"என்ன மதினி?"

"நாங்க ரெண்டே பேரு, ஆறு வருஷம், எங்களத் தவிர யாரும் இல்லன்னு எழுதியிருக்கா."

செங்கடல் வந்தது. கணவனுக்குக் காய்ச்சல். ஒன்பது நாள். சுக்கானைப் பிடித்தது நான் என்று அந்த அம்மாள் எழுதியிருந்தாள். கயிற்றால் இடுப்பைக் கட்டிக்கொண்டதையும் எழுதியிருந்தாள்.

மதினி சஞ்சிகையை என் கையிலிருந்து வாங்கினார். படகின் முன்னால் அந்தத் தம்பதி தோளில் கை போட்டு நிற்கிற படத்தில் விரலை வைத்தார்.

"இந்தப் படத்த எடுத்தது யாரு புள்ள? சுத்திக் கடலு. ரெண்டே பேருன்னா, ரெண்டு பேரும் இதுல நிக்கிறாங்களே, எடுத்தது யாரு?"

கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மலைக்குப் போனார். அன்றைக்கு அவர் யாரையும் ஏசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

யுத்தம் ஓய்ந்திருந்த காலத்தில் வெள்ளைக்காரர்கள் திரும்ப வரத் தொடங்கினார்கள். ஒரு நாள் அந்த இரண்டு பேரும் வேன் பிடித்து எங்கள் லயத்துக்கே வந்து இறங்கினார்கள். கித்துல்கலவில் ஆற்றில் றப்பர் படகு விட்டுவிட்டு வருகிறார்களாம். கிழவனும் கிழவியும். அந்த அம்மாள் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். மதினி நின்ற இடத்திலேயே நின்றார். உட்காரச் சொன்னார். தேத்தண்ணீர் ஊற்றினார். அவர்கள் குடித்து முடிக்கட்டும் என்று பொறுத்திருந்தார். பிறகு சஞ்சிகையை எடுத்து, அந்தப் படத்தை விரித்து அவர்கள் முன்னால் வைத்தார். பல வருஷமாக இங்கிலீஷைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அப்போது பாதி விளங்கும். மீதியை மதினி அன்றைக்கே எனக்குச் சொன்னார்.

"இத யாரு எடுத்தது?"

அந்த அம்மாள் கணவனைப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமினான். சஞ்சிகைக்காரர்கள் நிறைய வெட்டிவிட்டார்கள், பக்கத்தில் இடம் இல்லை என்றார்கள் என்றான்.

"போட்ல எனக்கு எடம் இருந்துச்சே. பேப்பர்லயா இல்ல?"

அவன் வெறுங்கோப்பையைத் தரையில் வைத்தான்.

"ஒம்பது நாளு யாரு நின்னது?"

அந்த அம்மாள் அழத் தொடங்கினாள். அந்தப் படகை விட்டது தன் வாழ்க்கையிலேயே பெரிய வலி, உனக்குப் புரியாது என்று ஏதோ சொன்னாள். புரியாது என்று அவள் சொல்லியிருக்கக் கூடாது.

"நீ விட்ட. ஒன் கையில இருந்துச்சு, விட்ட, அழுத, அத எழுதி பேரும் எடுத்துக்கிட்ட. என் கையில என்ன இருக்குன்னு யாரு கேட்டா? பெட்சீட் தொவச்சு வையின்னுதானே சொன்ன?"

லயத்துச் சனம் எல்லாம் வாசலில் கூடிவிட்டது. என் வீட்டுக்காரர், "அக்கா, வீட்டுக்கு வந்தவங்க, வயசானவங்க" என்றார். மதினி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "மழ வருது, ரோட்டு மோசம். கெளம்புங்க" என்று அவர்களிடம் சொன்னார். கொண்டு வந்திருந்த பொட்டலங்களை அவரே தூக்கிக்கொண்டு போய் வேனில் திரும்ப வைத்தார்.

வேன் வளைவைத் தாண்டிய பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். சஞ்சிகையைத் திரும்ப மடித்தார்.  நன்றாகச் செய்தீர்கள் என்று சொன்னேன். மனதாரச் சொன்னேன்.

"இல்ல புள்ள" என்றார். "எனக்கு அந்தப் போட் புடிச்சிருந்துச்சு. கரைக்கு விடலன்னு கோபந்தான். ஆனா பாயை ஏத்தி, காத்து புடிச்சு, அது சாஞ்சு ஓடும் பாரு, அப்ப நான் யாருக்கும் வேலக்காரி இல்ல. அத அவளுக்கும் சொல்ல முடியல, ஒனக்கும் சொல்ல முடியல. கூப்புடுவாங்கன்னு இத்தன வருஷம் பைய கட்டி வச்சிருந்தேன். இவங்களயா எதிர்பாத்தேன்? அந்தப் போட்டத்தான்."

பிறகு அழுதார். அதிக நேரமில்லை. அன்றைக்கே பையை ஆணியிலிருந்து எடுத்துத் தையலைப் பிரித்தார். பாய்த் துணி தடிப்பு, தண்ணீர் ஊறாது. கொழுந்து பறிக்கும்போது செடி கிழிக்காமல் இடுப்பில் கட்டுகிற படங்கு இரண்டு தைத்தார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. ஊசியை மட்டும் வைத்துக்கொண்டார். தொப்பியை என் மகள் கேட்டாள், கொடுத்துவிட்டார்.

எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் பிரஜாவுரிமை கொடுத்த பிறகு மதினிக்கும் அடையாள அட்டை வந்தது. அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். முன்னும் பின்னும் பார்த்தார். "இத வச்சுக்கிட்டு இனி எங்க எறங்குறது?" என்று கேட்டுவிட்டு, தூள் டின்னுக்குள் போட்டார். கோபம் குறையவில்லை. காலையில் அவரோடு சேர்ந்துதான் எழும்பியது. ஆனால் பை தொங்கிய ஆணியில் இப்போது எதுவும் கட்டித் தொங்கவில்லை.

2008இல் எலிக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. ஐந்தே நாள். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சாகும்வரை தாதிமாரை ஏசிக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு ஆறுதல்.

மரணத்தைப் பதிய நான் போனேன். பதிவாளர் கந்தோரில் ஒரு நடுவயது மனிதர், சிங்களவர், மரியாதையானவர்தான். பெயர் கேட்டார், வயது கேட்டார். தகப்பன் பெயர் கேட்டார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் கேட்காமலே எழுதப்போனார். தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு அந்தக் கட்டத்தில் கேட்க என்ன இருக்கிறது?

"மாத்தயா, அந்த எடத்துல என்ன எழுதுறீங்க?" என்று, ஐயா போட்டு, சிங்களத்தில் கேட்டேன்.

"தொழில். தோட்டத் தொழிலாளி."

"இல்ல. நாவிக."

கடலோடி. அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "கஹவத்தை மலையிலயா?"

"ஆமா."

"நங்கி, இது அரசாங்கத்துப் பத்திரம். வெளயாட முடியாது" என்று தங்கை முறை வைத்தே சொன்னார்.

"நானும் வெளயாட வரல. அவங்க பாய்மரப் போட்ல ஆறு வருஷம் இருந்தாங்க. செங்கடல்ல ஒம்பது நாளு தனியா சுக்கான் புடிச்சாங்க. செஞ்ச வேலையத்தான் எழுதச் சொல்றேன்."

"அதுக்குச் சாட்சி?"

என்னிடம் சாட்சி இல்லை. இருக்கிற ஒரே சாட்சி ஒரு சஞ்சிகை, அதில் வேறொருத்தியின் பெயர். அதை நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "தோட்டத் தொழிலாளின்னு எழுதப் போனீங்களே, அதுக்கு என்கிட்ட சாட்சி கேட்டீங்களா?" என்றேன். குரல் என்னுடையதாக இல்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓரமாக உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். மற்றவர்களைக் கூப்பிட்டார். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டரை. சாப்பிடப் போனார். திரும்பி வந்தார். நான் வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு மேல் என் பத்திரத்தைத் திரும்ப எடுத்தார். பேனாவைத் திறந்தார். எழுதினார்.

அவர் நீட்டியதை நான் உடனே மடிக்கவில்லை. சிங்கள எழுத்து ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்துப் பார்த்தேன். நாவிக. சரியாகத்தான் இருந்தது. எழுந்து வெளியே வந்தேன். நன்றி சொல்லவில்லை.